பாலைக் கடற்கரையில் ஒரு நாள் ஓட்டம்: வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

#1 ஓதக்கணக்கு

நமீபியாவின் நமீப், சிலியின் அட்டகாமா, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா, ஓமானின் கிழக்குக் கரை என்று பாலை நேராகக் கடலில் போய் இறங்கும் இடங்களுக்கு ஆஃப்-ரோடு மோட்டார்சைக்கிளில் ஒரு நாள் போய்வர நினைப்பவர்கள் முதலில் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். எத்தனை கி.மீ. போகலாம் என்று. இந்த நிலத்தில் அது இரண்டாவது கேள்வி. வட்டத்தை எந்தத் திசையில், எத்தனை மணிக்குச் சுற்றுவது என்பதே முதல் கேள்வி. அதே 130 கி.மீ. வட்டம் ஒரு பக்கமாகச் சுற்றினால் அருமையான நாள். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஏற முடியாத மணல்சரிவின் அடியில், கொதிக்கும் ரேடியேட்டரோடு நிற்க வேண்டிவரும்.

காரணம் மணல்மேட்டின் வடிவம். காற்று வரும் பக்கம் 10 முதல் 15 டிகிரிச் சாய்வு, இறுகிய மணல். காற்று மறையும் பக்கம் 32 முதல் 34 டிகிரி, காலை வைத்தாலே சரியும் மணல். பிறைமேடுகளில் இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பிறையின் இரண்டு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும். அதனால் காற்றோடு போனால் மெதுவாக ஏறி நேராக இறங்கலாம். காற்றை எதிர்த்துத் திரும்பினால் ஒவ்வொரு மேடும் சுவராக நிற்கும். மணல்மேட்டுப் பகுதியை ஒருவழிப் பாதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வட்டம் இப்படி: விடிந்ததும் காற்றோடு மணல்மேடுகள். 10 மணிவாக்கில் உள்நாட்டுச் சரளைச் சமவெளி, வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கு. நண்பகலை ஒட்டி, கடல் வற்றும் நேரத்தில், ஈரமணலில் எதிர்காற்றில் திரும்புதல். காலையில் நிழல் நீளமாக விழும், மேட்டின் உச்சியும் பள்ளமும் தெரியும். இரவுப் பனியில் நனைந்த மேல்மணல் 9 மணிவரை வண்டியைத் தாங்கும். உச்சி வெயிலில் நிழலே இருக்காது. எதிரே மூன்று மீட்டர் பள்ளம் இருந்தாலும் எல்லாம் ஒரே சமதளம்போலத் தெரியும். மணல்மேட்டு விபத்துகளில் பல இப்படித்தான் நடக்கின்றன.

கடற்கரைப் பகுதிக்கு ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியல், கையில் இருக்க வேண்டும். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடம். எனவே வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உங்களுக்கு வற்றம் பகல் 11:30 முதல் 12:30க்குள் விழும் நாள் வேண்டும். தேதியை விடுமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிலவு பார்த்து முடிவு செய்யுங்கள்.

#2 ரிம்லாக்

அண்ணா, திசை பற்றிச் சொன்னது சரி. ஒரு திருத்தம். பிறைமேட்டுக்குத்தான் இது முழுக்கப் பொருந்தும். நீள்மேடுகள் காற்றுக்கு இணையாக ஓடும். அவற்றுக்கு இடையில் உள்ள சமதளம் தெரு மாதிரி. இரண்டு திசையிலும் போகலாம், குறுக்கே கடப்பதுதான் சிரமம். நமீபில் சோசஸ்ஃப்ளே பக்கம் உள்ளதுபோன்ற நட்சத்திர மேடுகளில் காற்று பல திசையிலிருந்து வருவதால் சரிவும் பல பக்கம் இருக்கும். மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லாது. கிளம்புமுன் செயற்கைக்கோள் படத்தில் மேட்டின் வடிவத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து டயர் அழுத்தம். எப்போதும் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும்.

105 முதல் 125 கிலோ என்டியூரோ வண்டி (கரடுமுரடான தடத்துக்கான இலகு பைக்), தடித்த ட்யூப், இரண்டு சக்கரத்திலும் ரிம் லாக் (டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் கவ்வி): முன்னால் 12-13 பிஎஸ்ஐ, பின்னால் 11-13.

140 முதல் 170 கிலோ ஒற்றை சிலிண்டர்: இரண்டிலும் 15-16.

200 கிலோவுக்கு மேல், சுமையோடு: 18-20. அதற்குக் கீழே இறக்கினால் ஒரு கல்லில் ரிம் வளைந்துவிடும்.

பனிமூட்டக் கரைகளில் பலர் கவனிக்காத ஒன்று: காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த அழுத்தங்களில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். காலையில் 12 டிகிரிப் பனியில் 13 வைத்த டயர், உள்நாட்டில் 37 டிகிரியில் 15.5 காட்டும். "காலையில் நன்றாக மிதந்த வண்டி மதியம் ஏன் புதைகிறது" என்பதற்குப் பாதிக் காரணம் இது. கடற்கரை மணலில் இறங்குமுன் மறுபடி அளந்து இறக்குங்கள். அளவி 0-30 வரை உள்ளதாக இருக்கட்டும். 100 வரை காட்டும் கார் அளவியில் 12க்கும் 15க்கும் வித்தியாசம் தெரியாது.

ட்யூப் வால்வின் அடி நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்கக் கூடாது. மேலே ஏற்றி மூடியோடு பூட்டி விடுங்கள். டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கி வைத்தால் எதுவும் தெரியாமலே அடிப்பகுதி கிழிந்துவிடும்.

#3 புதுத்தடம்

எனது வண்டி 215 கிலோ, ட்யூப்லெஸ், ரிம் லாக் கிடையாது. இந்த வட்டத்துக்கு ஒத்துவருமா? மணல்மேட்டை விட்டுவிட்டுக் கடற்கரை மட்டும் போகலாமா?

#4 ரிம்லாக்

கடற்கரையும் சரளைச் சமவெளியும் ஒத்துவரும். மணல்மேட்டை விட்டுவிடுங்கள். ட்யூப்லெஸில் 18க்குக் கீழே போனால், பக்கவாட்டில் அடிவாங்கும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு இறங்கும். அதை மறுபடி உட்காரவைக்கக் கைப்பம்பு போதாது. ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும், அதாவது 16 கிராம் வாயுக் குப்பிகள் மூன்று நான்கு. அவையும் குளிரில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ட்யூப்லெஸ்காரர்கள் ஓட்டையை அடைக்கும் பழுதுக் குச்சிகளோடு 21 அங்குல ட்யூப் ஒன்றும் வைத்துக்கொள்ளட்டும். அவசரத்துக்கு அது 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடிந்து உட்காரும்; மெதுவாக ஊர் சேரலாம்.

#5 கொடிக்கம்பி

ரிம்லாக் சொல்லும் 11 பிஎஸ்ஐ எனக்கு உடன்பாடில்லை. மணலில் மட்டும் ஓடினால் சரி. இந்த வட்டத்தில் நடுவே 40 கி.மீ. சரளையும் பாறைப் படுகையும் வருகிறது. அங்கே 11ல் போனால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தமாதிரி இரட்டை ஓட்டை விழும். பனியில் உட்கார்ந்து பம்பு அடிக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தம் வைப்பவர்கள் 14க்குக் கீழே போகவே வேண்டாம். இறக்குவதும் ஏற்றுவதும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதி. சிறிய மின்பம்பு இருந்தால் ஒரு சக்கரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.

ட்யூபுக்குப் பதில் மூஸ் (டயருக்குள் போடும் நுரை வளையம்) போடலாமே என்று யாராவது கேட்பார்கள். புதிய மூஸ் சுமார் 13 பிஎஸ்ஐ மாதிரி நடந்துகொள்ளும், ஓட்டை விழாது. ஆனால் வட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு 60 கி.மீ. தார்ச்சாலையில் வேகமாக ஓட்டிப்போனால் உள்ளே வெந்து பொடியாகிவிடும். வண்டியை ஏற்றிக்கொண்டு போய் இறக்குபவர்களுக்கு மட்டும் மூஸ்.

#6 ஓதக்கணக்கு

கொடிக்கம்பி சொல்வது நியாயம். சரளையில் 16-18, மணலில் 12-13 என்று இரண்டு நிறுத்தம் வைத்துவிடுவோம்.

கடற்கரை பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, வற்றத்துக்குப் பின் ஒன்றரை மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஏன் ஒன்றரை? கடல் சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, கடைசியில் 1. மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதிக் கடல் ஏறிவிடும். ஏற்றவற்ற வித்தியாசம் 2 மீட்டர் உள்ள கரையில், 50 மீட்டருக்கு 1 மீட்டர் சாய்வு என்றால், மூன்றாவது மணியில் நீர்விளிம்பு 25 மீட்டர் உள்ளே வரும். கலிஃபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் வித்தியாசம் 6 மீட்டருக்கும் மேல் போகும் நாட்கள் உண்டு. அதே சாய்வில் அது 75 மீட்டர். காலைவரை நெடுஞ்சாலை மாதிரி இருந்த மணல் அப்படியே காணாமல் போகும்.

அமாவாசை, பௌர்ணமி முடிந்த ஓரிரு நாளில் வற்றம் மிக ஆழமாக இருக்கும், கெட்டி மணல் அகலமாகக் கிடைக்கும். ஆனால் ஏற்றமும் அதே அளவுக்கு ஆவேசமாக வரும். இருபுறமும் குன்று அடைத்த, வெளியேற வழியில்லாத கரைக்கு இந்த நாட்கள் வேண்டாம். அரைநிலா நாட்கள் அகலம் குறைவு, ஆனால் மன்னிக்கும். கரையை நோக்கிப் பலத்த காற்று அடித்தால் அட்டவணை சொல்வதைவிட நீர் மேலே நிற்கும். அதற்கு அரைமணி கழித்துக்கொள்ளுங்கள்.

நமீபில் சாண்ட்விச் ஹார்பருக்குப் போகும் வழியில் மணல்மேடு நேராகக் கடலில் இறங்குகிறது. ஏற்றத்தில் அங்கே கரை என்ற ஒன்றே இருக்காது. மொரிட்டானியாவில் தார்ச்சாலை வருமுன் நுவாதிபூவிலிருந்து நுவாக்சோத் போகும் வண்டிகள் கடைசிப் பகுதியை வற்றத்தில் கடற்கரையிலேயே கடந்தன. ஓதத்தைத் தவறவிட்டால் அடுத்த வற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எந்த மணலில் ஓட்டுவது: நுண்மணல் கரை தட்டையாக இருக்கும், கெட்டியாக இருக்கும். பருமணல் கரை செங்குத்தாக இருக்கும், ஈரமாக இருந்தாலும் புதையும். படத்தில் அழகாகத் தெரியும் செங்குத்துக் கரையை நம்பாதீர்கள். ஓட்ட வேண்டியது ஈரம் உள்ள, ஆனால் மினுமினுக்காத பட்டை. கண்ணாடி மாதிரி மினுங்கும் இடத்தில் மணல்துகள்களுக்கு இடையே நீர் நிரம்பியிருக்கிறது. ஓடும்போது தாங்கும், நின்றால் எஞ்சின் அதிர்விலேயே இளகிச் சக்கரத்தை விழுங்கும். நிற்கவேண்டும் என்றால் மேலேறி, உலர்ந்த விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, முன்சக்கரம் கடலைப் பார்க்க நிறுத்துங்கள். கிளம்பும்போது சரிவு உதவும். சைடு ஸ்டாண்டின் கீழ் உள்ளங்கை அகலத் தகடு ஒன்று வேண்டும்.

#7 புதுத்தடம்

மென்மணலில் ஹேண்டில் இடம் வலமாக அடித்துக்கொள்ளும்போது என்ன செய்வது? வேகத்தைக் குறைக்கத்தான் கை போகிறது.

#8 கொடிக்கம்பி

அதுதான் விழவைப்பது. ஆக்சிலேட்டரை மூடினால் எடை முன்சக்கரத்துக்குப் போகும், அது மணலைக் கலப்பை மாதிரி உழும். எழுந்து நில்லுங்கள். முழங்காலால் டாங்கை இறுக்கிப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்வாக வையுங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையத்தான் செய்யும், அலையவிடுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், சீரான முறுக்கு. திருப்புவது ஃபுட்பெக்கில் எடை கொடுத்து. பார்வை 30, 40 மீட்டர் தள்ளி. முன்சக்கரத்தைப் பார்த்தால் முன்சக்கரம் போகும் இடத்துக்கே போவீர்கள்.

நிற்கும்போது முன்பிரேக் வேண்டாம். ஆக்சிலேட்டரை மூடினாலே மணல் நிறுத்திவிடும். இறக்கத்தில் நிற்கப் பாருங்கள்.

மேட்டில் ஏறும்போது உச்சியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. கடைசி சில மீட்டரில் முறுக்கைக் குறைத்து, உச்சிக்கோட்டோடு சாய்வாகச் சேர்ந்து, நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். சரிவில் நேராக மட்டும், இரண்டாவது கியரில், முன்பிரேக் தொடாமல். குறுக்காக இறங்கினால் கீழ்ப்பக்கம் உருண்டுவிடும். ஏற்றத்தில் வேகம் போதாது என்று தெரிந்த கணமே, வேகம் மிச்சம் இருக்கும்போதே வளைத்துத் திரும்பிவிடுங்கள். நின்றபிறகு திருப்புவது பத்து மடங்கு வேலை.

இன்னொன்று, குழுவாகப் போகிறவர்களுக்கு. எதிர்த்திசையிலிருந்து இருவர் ஒரே உச்சிக்கு வருவது மணல்மேட்டின் மிக மோசமான விபத்து. தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்கும் கம்பியைப் பின்னால் கட்டுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மணல்மேடுகளில் அது சட்டப்படி கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் கட்டுங்கள்.

#9 உவர்நிலம்

இவ்வளவு பேசிவிட்டோம், இந்தக் கரைகளின் உண்மையான பொறியை யாரும் சொல்லவில்லை. உப்புச் சேற்றுநிலம், அரபியில் சப்கா. ஓமானில் பர் அல் ஹிக்மான் பக்கமும் பாரசீக வளைகுடாக் கரையில் பல இடங்களிலும் பரந்து கிடக்கிறது. மேலே வெண்மையான காய்ந்த பொருக்கு, சில சென்டிமீட்டர்தான். கீழே களிம்பு மாதிரிச் சேறு. நிலத்தடி உப்புநீர் மேலேறி ஆவியாகி உப்பை விட்டுச் செல்வதால் இது உருவாகிறது. எனவே மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் கீழே ஈரம் இருக்கும். "காய்ந்துதானே கிடக்கிறது" என்ற கணக்கு இங்கே பொய்க்கும்.

அடையாளங்கள்: வெள்ளைக்கு நடுவே கறுத்த, எண்ணெய் பட்டதுபோன்ற திட்டுகள். பலகோணப் பாளங்களாக வெடித்து, விளிம்பு உப்பி நிற்கும் பொருக்கு. பழைய தடம் திடீரென்று அகலமாகிப் பல கிளையாகப் பிரிந்தால், அங்கே யாரோ மாட்டி ஒதுங்கியிருக்கிறார்கள் என்று பொருள். இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் அழுத்தி ஊன்றினால் பொருக்கு உடைந்து ஈரம் கசிந்தால் வண்டி தாங்காது. பௌர்ணமி, அமாவாசை ஏற்றங்களில் கடல்நீர் கீழிருந்து ஊறுவதால், போனவாரம் தாங்கிய இடம் இந்தவாரம் தாங்காது.

ஓடும்போதே இளகுவது தெரிந்தால் நிற்காதீர்கள், முன்னாலும் தொடராதீர்கள். வேகத்தை விடாமல் அகலமாக வளைத்து, வந்த கெட்டித் தரைக்கே திரும்புங்கள். கனமான வண்டி நடுவே நின்றுவிட்டால், மூன்று பேர் சேர்ந்தாலும் ஒரு மணி நேர வேலை. தனியாக என்றால் வண்டியை விட்டுவிட்டு உதவி தேடவேண்டியதுதான். தனியாகப் போகிறவர்களுக்குச் சப்கா வேண்டவே வேண்டாம்.

முகத்துவாரங்களும் இதே குடும்பம். காயலின் வாய் குறுகலான இடத்தில் ஆழம், பரந்து விரிந்த இடத்தில் ஆழம் குறைவு. முதலில் நடந்து கடந்து பார்க்காமல் வண்டியை இறக்கக் கூடாது. உப்புநீர் எஞ்சினுக்குள் போனால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ப்ளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகச் சாய்த்து நீரை வடித்து, ஏர்பாக்ஸைத் துடைத்து, அதன்பிறகு ப்ளக் இல்லாமல் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால்நிறமாக மாறியிருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

#10 பனிமூட்டம்

காலையில் மணல்மேடு என்ற திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நமீப், அட்டகாமா, பாஹாவின் பசிஃபிக் பக்கம் எல்லாம் குளிர்நீரோட்டக் கரைகள். பெங்குவேலா, ஹம்போல்ட், கலிஃபோர்னியா நீரோட்டங்களின் மேல் வரும் காற்று குளிர்ந்து பனிமூட்டமாகக் கரையேறும். அட்டகாமாவில் அதற்குக் கமன்சாக்கா என்றே பெயர். 9, 10 மணிவரை 30 மீட்டருக்கு அப்பால் தெரியாத நாட்கள் சாதாரணம். அப்போது மணல்மேட்டில் உச்சி எது, வானம் எது என்று பிரித்தறிய முடியாது. இந்தக் கரைகளில் தொடக்கத்தைக் கடலிலிருந்து 20, 30 கி.மீ. உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூட்டம் அதற்குள் முடிந்துவிடும். உள்ளே ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தால் கீழே வெண்பனிக் கடலும் அதற்கு மேலே மணல் உச்சிகளும் தெரியும். இந்த ஓட்டத்தின் மிக அழகான காட்சி அதுதான்.

நமீப் கரையில் ஸ்வாகோப்முண்டு நகருக்கு வடக்கே உப்பும் ஜிப்சமும் இறுக்கிப் போட்ட உப்புச் சாலைகள் உண்டு. காய்ந்திருந்தால் தார்மாதிரி. பனியில் நனைந்தால் சோப்பு. குமிழ் டயரானாலும் அங்கே 50க்கு மேல் வேண்டாம், சாய்வைக் குறையுங்கள்.

உடை: மூட்டத்தில் 12 டிகிரி, 40 கி.மீ. உள்ளே 35 டிகிரி. உள்ளே மெல்லிய சட்டை, மேலே கழற்றி முதுகுப்பையில் வைக்கக்கூடிய காற்றுத்தடுப்பு. தடித்த ஜாக்கெட் ஒன்றையே நம்பினால் பாதி நாள் நடுக்கம், பாதி நாள் வேக்காடு.

#11 ஓதக்கணக்கு

ஏற்கிறேன். மூட்டக் கரைகளுக்குத் தொடக்கம் உள்ளே. ஓமான் தென்கரையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை கரீஃப் பருவம். தென்மேற்குக் காற்றும் கொந்தளிக்கும் கடலும் இருக்கும். அந்த மாதங்களில் கடற்கரைப் பகுதியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

#12 புதுத்தடம்

எஞ்சின் சூடு பற்றி முதல் பதிவில் ஒரு வரி வந்தது. மணலில் வேகமாகத்தானே போகிறோம், ஏன் கொதிக்க வேண்டும்?

#13 ரிம்லாக்

காற்று முதுகில் அடிப்பதால். மென்மணலில் நீங்கள் 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், கடற்காற்றும் 25ல் பின்னால் வருகிறது என்றால், ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று ஏறக்குறைய சுழி. எஞ்சினோ முழுச்சுமையில். விசிறி மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். மதியம் 2 முதல் 4 வரை கடற்காற்று உச்சத்தில் இருக்கும். மணல்மேட்டைக் காலையில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது காற்று எழுந்திருக்காது.

சூடு ஏறினால் வண்டியைக் காற்றைப் பார்க்கத் திருப்பி நிறுத்துங்கள். எஞ்சினை உடனே அணைக்காமல், விசிறி ஓடும்படி விடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. 50:50 குளிர்திரவம் 1.1 பார் மூடியின் கீழ் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் பீய்ச்சும். கிளட்ச் லீவரின் ஆட்டம் திடீரென்று மாறினால் கிளட்ச் வெந்துகொண்டிருக்கிறது. கால்மணி நேரம் நிறுத்துங்கள்.

ஏர் ஃபில்டர்: எண்ணெய் பூசிய நுரை ஃபில்டர், அதன்மேல் மெல்லிய உறை. விளிம்பில் கிரீஸ் தடவி உட்காரவைக்க வேண்டும். மணல் நுரை வழியாகப் போவதைவிட விளிம்பு வழியாகப் போவதே அதிகம். நண்பகல் நிறுத்தத்தில் உறையை உருவி எடுத்துவிட்டால் போதும். குழுவில் பின்னால் போகிறவரின் ஃபில்டர்தான் முதலில் அடைக்கும்.

செயின்: மணலுக்குப் போகுமுன் ஒட்டும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அரைக்கும் பசையாகிவிடும். ஓ-ரிங் செயினுக்குள் கிரீஸ் இருக்கிறது, ஒரு நாள் தாங்கும். ஸ்ப்ராக்கெட் பற்களுக்கு இடையே மணல் இறுகிச் செயினை இழுத்துக்கொள்ளும் என்பதால், கையேட்டு அளவைவிட 5 மி.மீ. கூடுதல் தளர்வு வையுங்கள்.

#14 கொடிக்கம்பி

புதைந்தால் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்வது தவறு. பின்சக்கரம் சுழன்று வண்டி முன்னேறவில்லை என்றால் முறுக்கை உடனே விடுங்கள். இன்னும் மூன்று விநாடி முறுக்கினால் எஞ்சின் அடித்தகடு மணலில் உட்கார்ந்துவிடும். இறங்குங்கள், வண்டி தானாகவே நிற்கும். சைலன்சர் இல்லாத பக்கமாகப் படுக்க வையுங்கள். குழியைக் காலால் மணல் தள்ளி நிரப்புங்கள். பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்து, முன்பக்கம் இறக்கத்தைப் பார்க்கும்படி சுழற்றி, பிறகு நிமிர்த்துங்கள். ஏறி உட்காராமல் பக்கத்தில் நடந்துகொண்டு, முதல் கியரில் மெல்லிய முறுக்கில் கெட்டித் தரைவரை கொண்டுபோங்கள். 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 5 மீட்டர் இழுவைப் பட்டை, முன் ஃபோர்க்கின் கீழ்ப்பிடியில் கட்டி.

தண்ணீரில்லாமல் இதை மூன்று முறை செய்தால் உடல் ஓய்ந்துவிடும். ஆளுக்கு 3 லிட்டர் முதுகுப்பையில், 2 லிட்டர் வண்டியில். வெயிலில் வேலை செய்யும்போது மணிக்கு 1 லிட்டர் வியர்வையாகப் போகும். வெறும் நீர் போதாது. 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பேச்சு குழறினாலோ, வெயிலில் வியர்வை நின்றாலோ அவரோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழல், நீர், உதவி அழைப்பு.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக் கூடாதது. கெட்டித்தரையில் 100 கி.மீ.க்கு 4 லிட்டர் குடிக்கும் வண்டி மென்மணலில் 6, 7 கேட்கும். கைபேசிக் கோபுரம் இருக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி அல்லது செயற்கைக்கோள் செய்திக் கருவி வண்டியில் இல்லாமல் உடம்பில் இருக்க வேண்டும். விழுந்தவர் ஓரிடம், வண்டி ஓரிடம் என்றால் வண்டியில் கட்டியது பயன்படாது.

#15 பனிமூட்டம்

சரளைச் சமவெளி பற்றி யாரும் நின்று பேசவில்லை. மணல்மேட்டில் போட்ட தடம் அடுத்த காற்றில் மறையும். சரளைச் சமவெளியில் போட்ட தடம் பல பத்தாண்டுகள் இருக்கும். நமீப் கரையில் விளோட்ஸ்காஸ்பாக்கன் பக்கம் தரையெல்லாம் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பார்த்தால் காய்ந்த கறை மாதிரி இருக்கும். பனிநீர் பட்டதும் விரிந்து நிறம் மாறும், அவ்வளவு உயிருள்ளது. ஒரு சக்கரம் ஏறினால் அந்தக் கோடு உங்கள் வாழ்நாளில் ஆறாது. 2010ல் டோரோப் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின் அங்கே அனுமதித்த தடத்தை விட்டு விலகக் கூடாது. அதே சமவெளியில் டமாரா ஆலாக்கள் என்ற சிறு கடற்பறவைகள் கல்லோடு கல்லாக, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஓட்டுபவரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஓமானில் ராஸ் அல் ஜின்ஸ் கரையில் பச்சை ஆமைகள், மசீரா தீவில் பெருந்தலை ஆமைகள். மேல்கரையின் மென்மணலில்தான் கூடு. டயர் பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகாமல் பள்ளத்தோடேயே நடந்து சாகும். ஆமை ஏறும் கரைகளை விட்டுவிடுங்கள். மற்ற கரைகளிலும் நீர்விளிம்பின் ஈரப்பட்டையை விட்டு மேலே ஏறவேண்டிய இடத்தை ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அதே வழியாக ஏறி இறங்குங்கள்.

#16 உவர்நிலம்

இதை முதல் பதிவிலேயே சேர்க்க வேண்டும், ஓதக்கணக்கு அண்ணா.

#17 ஓதக்கணக்கு

சேர்க்கிறேன். ஒரு திருத்தமும் போடுகிறேன்: வற்றம் காலை 7 மணிக்கு விழும் நாளில் வட்டத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். கடற்கரையில் காலையில் எதிர்காற்றில் போய், அதே மணலில் 8:30க்குள் திரும்பிவிடுங்கள், அல்லது உள்நாட்டுச் சரளைத் தடத்தில் திரும்புங்கள். மணல்மேடு இன்னொரு நாள்.

#18 புதுத்தடம்

கடைசிக் கேள்வி. உப்பு. வீடு திரும்பியதும் பிரஷர் வாஷில் அடித்துவிட்டால் போதுமா?

#19 ரிம்லாக்

பிரஷர் வாஷ் வேண்டாம். உப்புநீரைப் பேரிங் சீலுக்குள் தள்ளுவதே அதுதான். எஞ்சின் ஆறியபின், சாதாரணக் குழாய்நீர், குறைந்த வேகம், நிறைய நேரம். பத்து நிமிடம் அடியிலிருந்து மேலே. ஸ்போக் நிப்பிள், ரேடியேட்டர் பின்புறம், ஸ்விங்ஆர்ம் உட்பக்கம், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், பிரேக் காலிப்பர் ஊசிகள், செயின் கார்டின் உள்ளே. அன்றைக்கே செய்ய வேண்டும். மறுநாள் காலையில் அலுமினியத்தில் வெள்ளைப் பூ பூத்திருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாளே மின் இணைப்புகளைக் கழற்றி மின்கடத்தாக் கிரீஸ் வைத்து மூடியிருந்தால் பாதி வேலை மிச்சம். கழுவியபின் வண்டியைச் சற்று ஓட்டி, பிரேக் பிடித்து, டிஸ்க்கைக் காயவைத்து நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். செயினுக்கு ஸ்ப்ரே இப்போது அடிக்கலாம். ஃபோர்க் சீல் கசிந்தால் உடனே மாற்ற வேண்டாம். முதலில் தூசிமூடியை இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சீலின் உள்விளிம்பில் செருகிச் சுற்றி எடுங்கள். பெரும்பாலும் ஒரு மணல்துகள்தான் மாட்டியிருக்கும்.